மூன்று மீட்டர் நாற்பது

இடுப்பில் வலித்தால் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர், நெஞ்சுக்கூட்டில் வலித்தால் ஒன்று இருபத்தைந்து, பல் வலித்தால் ஒன்று ஐம்பத்தைந்து. தெருவுக்கு அடியில் குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ, அதற்கு நேர் மேலே போய் நின்றால் அவர் உடம்பில் உள்ளங்காலிலிருந்து அதே உயரத்தில் வலி எடுத்தது. பதினேழு வருஷம் குழி வெட்டிய உடம்பு, அதனால் முதலில் வாதம் என்று நினைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது, அங்கே குழாய் எதுவும் காலுக்கு அடியில் புதைந்திருக்கவில்லை, ஆகவே வலியும் இல்லை. எடையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். குறைக்க அவரிடம் எடை ஏது? ஐம்பத்தாறு கிலோ, அதில் பாதி எலும்பு. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் கால் வைத்ததும் தொடையில் சுருக்கென்றது. அறுபது சென்டிமீட்டர், குடிநீர்க் குழாய்.

நகரத்தின் குடிநீர், சாக்கடை இரண்டையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அவர் கடைநிலை ஊழியர். குழி வெட்டும் வேலையில் முட்டி தேய்ந்து போனபின் வரைபட அறைக்கு மாற்றியிருந்தார்கள். தேநீர் வாங்கி வருவார், கட்டு அவிழ்ப்பார், கட்டுவார். தனியாகத்தான் இருந்தார். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு பம்ப் அடுப்பு. கட்டிக்கொண்டவள் நாலாம் வருஷம் தன் அக்கா வீட்டுக்கு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், வரவில்லை. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. “அந்த மனுஷன் வீட்ல இருக்காரா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது” என்று அக்காவிடம் சொன்னாளாம். கேள்விப்பட்டபோது அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கூட்டிவரப் போகவில்லை.

அந்த வருஷம் அலுவலகத்தில் துணி வரைபடங்களைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினார்கள். துணியில் நீலக் கோடு குடிநீர், பழுப்புக் கோடு சாக்கடை. நீலமும் பழுப்பும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மனிதனுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியவில்லை. இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டால் இரண்டும் சேர்ந்துவிட்டன என்று அது எடுத்துக்கொண்டது. முதல் மாத முடிவில் அது கொடுத்த அறிக்கைப்படி ஊரில் அத்தனை வீடும் சாக்கடையைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, “பாதி நாள் அது உண்மதானே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வரைபட அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டவள் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மாள். வாயைத் திறந்தால் கிண்டல்தான், ஆனால் கை சுத்தம். இனிமேல் ஒவ்வொரு குழாய்க்கும் ஆழம் எவ்வளவு என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும், தேதிக்கு இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும் என்றாள். தேதிக்கு எதற்கு இரண்டு என்று அவர் கேட்டார். அவராகக் கேட்ட கேள்விகள் வருஷத்துக்கு ஏழெட்டு இருக்கும், அதில் இது ஒன்று.

“மண்ணுக்குள்ள எப்பலேருந்து இப்படி இருக்குன்னு ஒண்ணு. நம்ம ஆபீசுக்கு எப்பலேருந்து தெரியும்னு இன்னொண்ணு. குழாய் போன வருஷமே உடைஞ்சிருக்கும், நமக்கு நேத்துதான் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருந்ததுக்கு யாரையும் திட்ட முடியாது அண்ணே. தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா திட்டலாம். அதுக்குத்தான் ரெண்டு கட்டம்.”

அவர் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆழத்தை எங்கே போய்த் தேடுவது? பழைய பதிவேடுகளில் முக்கால்வாசியைக் கரையான் தின்று முடித்திருந்தது. ஒருநாள் சாக்கடை மூடிகளை எண்ணுவதற்காக அந்த அம்மாள் அவரையும் அழைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாலு அடிக்கு ஒருமுறை அவர் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று குடைந்தாள். சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து வலிக்கும் இடம் வரை பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டாள். மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். மூன்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. அது செருப்பின் தடிமன் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். மறுநாளிலிருந்து அவர் வெறுங்காலோடு நடந்தார். பெரிய இன்ஜினியர் அளக்கும் கருவி வாங்க எழுதியிருந்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வெறுங்காலோடு நடந்தவருக்கு அன்றைக்கு அலுவலகத்தில் மீட்டர் என்று பெயர் வந்தது. அதற்குமுன் இருந்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது.

மூன்று வருஷம் இருவரும் ஊர் முழுக்க நடந்தார்கள். வலியில் வயதும் இருந்தது. போன வருஷக் குழாய் முள் மாதிரி குத்தும். பத்து வருஷக் குழாய் அடிபட்ட இடத்தை அமுக்கின மாதிரி இருக்கும். நாற்பது வருஷக் குழாய் மழைக்கு முன்னால் மூட்டு கனப்பது மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நாள் முழுக்க இருக்கும். “எத்தன வருஷ வலிண்ணே?” என்று அவள் கேட்பாள், அவர் சொல்வார், தேதிக் கட்டம் நிரம்பும். பெரிய சாக்கடைகள் ஆள் உயரத்துக்கும் கீழே போயின. அங்கெல்லாம் அவருக்குத் தலைக்கு மேலே காற்றில் வலித்தது. அந்த அம்மாள் நீளக் கம்பைத் தூக்கிப் பிடிக்க, “இன்னும் கொஞ்சம் மேல… அங்க, அங்கதான், தொடாத” என்பார். கடைக்காரர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கம்பு இடிக்காமல் இருக்கக் கடைப் பலகைகளை நகர்த்தி வைக்கத் தொடங்கினார்கள்.

இடையில் ஒரே ஒருமுறைதான் தப்பு நடந்தது. ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். ஒரு நாள் மதியம் அந்த அம்மாள் பதினொரு தெருக்களுக்கு அதைப் போட மறந்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் பதினொரு தெருக்களிலும் குழாய்கள் தரைக்கு மேலே, எந்த ஆழத்தில் இருந்தனவோ அந்த உயரத்தில் அந்தரத்தில் ஓடின. சிலர் ஈரத்துணி காயப்போட்டார்கள். தபால்காரர் ஒருவர் நெற்றியை இடித்துக்கொண்டார். குறியைப் போட்டதும் குழாய்கள் பழையபடி மண்ணுக்குள் போய்விட்டன, துணிகள் தெருவில் விழுந்தன. தபால்காரரின் நெற்றிப் புடைப்பு மட்டும் போகவில்லை. அதைத் திருத்த எந்தக் கட்டமும் இல்லை என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டாள்.

கடைசியில் ஒரே ஒரு தெரு பாக்கி இருந்தது. மூன்று வருஷமும் ஏதாவது காரணம் சொல்லி மீட்டர் அதைத் தள்ளிப் போட்டிருந்தார். அந்தத் தெருவின் ஆழங்கள் எழுதிய பதிவேடு மட்டும் கரையானுக்குத் தப்பி இரும்பு அலமாரியில் இருந்ததால், அதைப் பார்த்தே ஏற்றிவிடலாம், நடக்கத் தேவையில்லை என்று அவர்தான் யோசனை சொன்னார். அந்த அம்மாளும் ஏற்றினாள். ஏற்றி முடித்துத் திரையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோது சாக்கடைக் குழாய் சீராகச் சரிந்து வந்து, ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. முந்தின குழி மூன்று மீட்டர் இருபது. அடுத்தது மூன்று அறுபது. நடுவில் இருப்பது ஒன்று எண்பது.

“அண்ணே, இங்க வாங்களேன். இந்த ஒரு எடத்துல மட்டும் சாக்கடை மாடி ஏறி இறங்குது” என்றாள்.

அவர் வரவில்லை. கதவருகே நின்றுகொண்டே, “தெரியும்” என்றார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழியை வெட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவன் இவருடைய கூட்டாளி, கடப்பாரை விழுந்து வலது காலின் சுண்டு விரல் போனவன், அதனால் நாலுவிரல் என்று அழைக்கப்பட்டவன். குழிக்கு ஏணி கொடுப்பது அந்த வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டரின் வழக்கமில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் போய்விட்டால், சாயங்காலம் ஒருவன் குழிச்சுவரில் சாய்ந்து நிற்பான். மற்றவன் அவன் தோளில் ஏறி விளிம்பைப் பிடித்து வெளியே போய்க் கயிறு விடுவான். கீழே நிற்கிறவனுக்குத்தான் தொல்லை. தோளில் சேறு, கண்ணில் மண், கடைசியாக வெளியே வருவதும் அவன். அதனால் முறை வைத்துக்கொள்வார்கள், இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று. அன்றைக்குக் கீழே நிற்கும் முறை இவருடையது. காய்ச்சலில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நாலுவிரல் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “அடுப்பு மாதிரி கொதிக்குது உனக்கு. நீ ஏறு. நாளைக்கு நீ நில்லு, நான் சொகுசா ஏறிப் போறேன்” என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து நின்றான். இவர் ஏறினார். கயிற்றை எடுக்கப் பத்தடி நடந்தார். கயிற்றோடு திரும்பியபோது குழி இல்லை.

தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாலுவிரல் நின்றபடியே இருந்தான், கை இரண்டும் கயிற்றுக்காக மேலே நீண்டிருந்தன.

இரண்டு மீட்டருக்கு மேல் வெட்டினால் இருபுறமும் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அலுவலக விதி. பலகை கொடுக்கவில்லை. ஆகவே விசாரணைத் தாளில் குழியின் ஆழம் ஒன்று எண்பது ஆயிற்று. ஒன்று எண்பதில் மனிதன் புதைய மாட்டானே என்று யாராவது கேட்பார்களே என்பதற்காக, இறந்தவன் குடித்திருந்தான், சரிந்த மண்ணிலிருந்து எழுந்திருக்கத் தெரியவில்லை என்று அடுத்த வரி சேர்ந்தது. நாலுவிரல் தேநீரில்கூடச் சர்க்கரை குறைவாகக் கேட்கிறவன். சாட்சி என்று கையெழுத்துப் போட்டவர் இவர். அடுத்த மாதம் இவரை நிரந்தரமாக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்த ஒரு குழியின் அளவை அடித்து எழுதியவர்கள் முன்குழியையும் பின்குழியையும் திருத்தவில்லை. துணி வரைபடத்தில் ஆழம் என்ற ஒன்றே கிடையாது. பொய் அதில் தட்டையாகப் படுத்து இருபத்திரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கியது.

நாலுவிரலின் மனைவி அதே தெருவில், அந்தச் சாக்கடை மூடிக்கு எதிரில், இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். ஆள் உயரக் குழியில் செத்தவனின் மனைவி, குடிகாரன் பொண்டாட்டி என்று தெருவுக்கு அவளைத் தெரியும். சம்பவத்துக்கு முன் இவரை வாய் நிறைய அண்ணே என்பவள், அதற்குப் பிறகு எதுவும் என்பதில்லை. இவரும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. சட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்தே மடிப்பு எடுத்துக்கொண்டார்.

பெரிய இன்ஜினியர் திரையில் இருந்த மேட்டைப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் பாத்து நடுவுல ஒரு நம்பரப் போட்டு வழிச்சு விடும்மா. மூணு நாப்பது சரியா வரும். இன்னைக்கித் தேதி போடு, கணிப்புன்னு எழுது, முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவரில்லை. அந்தக் குழி வெட்டியபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

அந்த அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. “கணிப்புன்னு போட எனக்கு நீங்க எதுக்கு? நடந்து பாத்துடலாம் வாங்க” என்றாள். அவரும் இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. மதிய வெயிலில் வெறுங்காலோடு போய் மூடியின் மேல் நின்றார். வலி முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கழுத்தைத் தாண்டியது, உச்சந்தலையை விட்டு வெளியேறி மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் கம்பை உயர்த்தினாள். மூன்று மீட்டர் நாற்பது. அவருடைய உயரம் ஒன்று எழுபது, நாலுவிரலின் உயரமும் ஒன்று எழுபது. வலி அங்கேயே நிற்காமல் எடையாக மாறியது. இரண்டு பாதங்கள் அவருடைய இரண்டு தோள்களில் ஊன்றின. அவர் கொஞ்சம் தள்ளாடி, பழகின மாதிரி முட்டியை மடக்கி நிமிர்ந்து, பின்னால் இருந்த சுவரில் சாய்ந்துகொண்டார்.

“எத்தன வருஷ வலிண்ணே?”

“இன்னைக்கி வலி” என்றார்.

எதிர்க்கடையில் இஸ்திரிப் பெட்டி ஓசை நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து அந்த அம்மாள் ஆழத்தில் மூன்று நாற்பது என்று அடித்தாள். மண்ணுக்குள் எப்போதிருந்து என்ற கட்டத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின தேதியைப் போட்டாள். ஆபீசுக்கு எப்போதிருந்து தெரியும் என்ற கட்டத்தில் அன்றைய தேதியின் முதல் எண்ணை அடித்தபோது அவர் தடுத்தார். தோளில் நிற்பவனுக்கு அறைக் கதவின் நிலை இடித்ததால் அவரால் உள்ளே வர முடியவில்லை. குனிந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“அதுலயும் அந்தப் பழைய தேதியே போடும்மா.”

“அண்ணே, அது தெரிஞ்ச தேதி. ஆபீசுல யாருக்கோ அன்னைக்கே தெரியும்னு ஆயிடும்.”

“எனக்குத் தெரியும். அளவு நாடாவைக் குழிக்குள்ள புடிச்சவன் நான். என் பேரும் போடு.”

“ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்கூட இல்ல. பென்ஷனுக்குத் தீ வச்சுக்காதீங்க. இது மத்த நோட்டு மாதிரி இல்ல, ஒருதரம் போட்டா அழிக்க முடியாது. நாளைக்கு மாத்தி எழுதினாலும், இன்னைக்கி இப்படிச் சொன்னாருன்னு உள்ள இருந்துகிட்டே இருக்கும்.”

“இருக்கட்டும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. தேதியைப் போட்டாள், பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்து எழுதினாள். திரையில் மேடு அமுங்கியது. சாக்கடை சீராகச் சரிந்து ஓடியது. அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கழற்றிப் போட்ட சட்டையைப் பார்த்தார். இரண்டு தோளிலும் ஈரச் சேற்றில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. துவைத்தார், போகவில்லை. அடுத்த சட்டையிலும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டன. நாலு சட்டைகளையும் தாளையும் எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இஸ்திரிக் கடைக்குப் போனார். நாலுவிரலின் மனைவி தாளை முதலில் பார்க்கவில்லை. சட்டையை மேசையில் விரித்தாள். வலது தோளில் இருந்த பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நாலு.

“எங்க இருக்காரு?” என்று கேட்டாள்.

அவர் கண்ணால் மேலே காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். கடையின் தகரக் கூரைக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் செம்மண் மட்டும் அவள் முகத்தில் உதிர்ந்தது. துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். எண்களை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

“மூணு நாப்பது. ரெண்டு ஆள் ஒசரம். இந்தத் தெருவுல ஒருத்தன் விடாம என்கிட்ட கேட்டான், ஆள் ஒசரக் குழியில எப்படிம்மா சாவாருன்னு. உங்களுக்கு இது அன்னைக்கே தெரியும்.”

“தெரியும். அதுலயே எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கு” என்றாள். பெட்டியில் கரியைக் கிளறினாள். “அவரு முறை இல்லைங்கிறது எனக்கும் தெரியும். காலைல சொல்லிட்டுத்தான் போனாரு, இன்னைக்கி நான் மொதல்ல வெளிய வந்துருவேன், சீக்கிரம் வந்துருவேன்னு.”

அவர் தோளில் எடை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் மாறியது.

“இப்ப நிக்கிறேனேம்மா. நான்தானே கீழ நிக்கிறேன்.”

“நின்னா ஆச்சா? ஏறினவரு விளிம்பைப் புடிச்சு வெளிய வரணும். நீங்க வெளிய வந்தீங்கல்ல, அதுமாதிரி. அதுவரைக்கும் உங்க முறை முடிஞ்சதா நான் ஒத்துக்க மாட்டேன்.”

சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தாள். பாதங்கள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் தேய்த்திருந்தாள். தாளைக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். வருகிறவர்கள் துணி வாங்கும்போது அதைப் படித்தார்கள், ஒரு மாதத்தில் குடிகாரன் பொண்டாட்டி என்ற பெயர் தானாக உதிர்ந்துவிட்டது. அவரை அண்ணே என்று அவள் அழைக்கவில்லை.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். விசாரணை மூன்று வருஷம் நடந்தது, முடியும்போது அவர் ஓய்வுபெற்று ஒன்றே கால் வருஷம் ஆகியிருந்தது. காண்ட்ராக்டர் அதற்குள் இறந்திருந்தார். பென்ஷனில் ஒரு பங்கை வெட்டினார்கள். வரைபட அறை அம்மாள் வேறு ஊருக்கு மாறிப் போனாள். முதல் வருஷம் இரண்டு கடிதம் போட்டாள். இரண்டிலும் கடைசி வரியில், மேலே இருப்பவர் சௌக்கியமா என்று கேட்டிருந்தாள். பதில் எழுத அவருக்கு எண்களைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. ரயில் நிலைய எடைமேடையில் ஏறி நின்றால் நூற்றுப் பதினேழு கிலோ காட்டுகிறது. அந்த எண்ணை மட்டும் ஒரு அட்டையில் எழுதி அனுப்பினார்.

சைக்கிள் கடைக்காரர் மாடிப்படிக்கு மேல் இருந்த தளத்தை உடைத்து உயரமாக்கிக் கொடுத்தார். அதற்காக வாடகை ஏற்றவில்லை. ஒரு வாடகைக்கு இரண்டு பேர் என்று மட்டும் எப்போதாவது முணுமுணுப்பார். பேருந்தில் அவர் ஏற முடியாது, நடக்கிறார். தெரு விளக்குக் கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்களில் மின்சார ஆட்கள் அவருக்காக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். படுத்தால் எடை நெஞ்சுக்கு வந்துவிடுவதால் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டார். பேச்சுத் துணைக்கு ஆகுமா என்று ஆரம்பத்தில் மேலே பார்த்து ஒன்றிரண்டு தரம் பேசிப் பார்த்தார். மேலிருந்து மண் உதிருமே தவிரக் குரல் வராது. குழிக்குள்ளும் நாலுவிரல் அதிகம் பேசியதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு, முன்பு வேலை முடியும் நேரத்தில், அந்தத் தெருவுக்குப் போய் மூடிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். முட்டியை இறுக்கி, மூச்சைப் பிடித்து, குதிகாலைத் தூக்கி, தன்னால் முடிந்த மட்டும் உயரமாகிறார். தோளில் பாதங்கள் நுனிவிரலுக்கு எழும்புவதும், மேலே எங்கோ கைகள் துழாவுவதும் அவருக்குத் தெரிகிறது. பிடிக்க விளிம்பு இல்லை. குழியை மூடிச் சாலை போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. எதிர்க்கடைப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அவர் குதிகாலை இறக்குகிறார், அவள் பெட்டியைக் கையில் எடுக்கிறாள். அன்றைக்குக் கீழே நிற்க வேண்டிய முறை அவருடையது. அந்த ஒரு முறை இன்னும் பாக்கி.